கத்தரினா அனுமதி கேட்கிறார்

சிலாபத்துக் கரையில், அந்தோனியார் பெயர் எழுதிச் சிலுவையும் வரைந்து நின்ற புத்தம் புதுப் படகொன்றில் தொழுகைக்கு மேடை இருந்தது.

அதைக் கண்டுபிடித்த பெருமை உசனாருக்கே சேரும். காலையில் ஷஃபீனாவைத் தன் ஓட்டோவில் அங்கே கூட்டிப்போனவன், படகின் முன்பக்கத்தில் ஏறி அங்கிருந்த தட்டைப் பலகையைச் சாணால் அளந்து பார்த்துவிட்டு இறங்கினான்.

"ராத்தா, ஒரு முசல்லாப் பாய் விரிச்சா அளவெடுத்துச் செஞ்ச மாதிரிப் பொருந்துது. அந்தோனியார் எப்ப எங்கட ஜமாஅத்துல சேந்தார்?"

அப்படியொரு மேடை வேண்டுமென்று நினைத்த மனிதர் இந்தக் கரையில் ஒருவர்தான். எத்தாளையில் ஃபைபர் படகு கட்டுகிற முத்தலிபு ஹாஜியார். விடியற்காலையில் கடலில் நிற்கிறவர்களுக்குத் தொழ ஓர் இடம் வேண்டும் என்று போன நோன்பின் தொடக்கத்தில் படகின் வரைபடத்தில் சேர்க்கச் சொன்னார். அவருடைய சொந்தப் படகுத் தளத்திலேயே அந்தப் படகு இன்னும் வார்ப்பு அச்சுக்கு வரவில்லை. அதற்குள் போட்டிக்காரன் சிலாபத்தில் கட்டித் தண்ணீரிலும் இறக்கிவிட்டான். எதற்கு இந்தப் பலகை என்று ஒரு தடவைகூட யோசிக்காமல், படத்தில் கிடந்ததை அப்படியே வார்த்திருக்கிறான்.

களவு நடந்தது நிச்சயம். கள்ளன் யார் என்பதில்தான் ஷஃபீனாவுக்குத் தலை வெடித்தது.

தில்லையடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் விசாரணை அலுவலகம் வைத்திருப்பவள் அவள். அதற்கு முன் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் முறைப்பாட்டுப் பிரிவில் இருந்து, ஊரார் ஏச்செல்லாம் காதால் வாங்கியவள். பொறுமையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தாள். படகுத் தளத்தை ஒட்டிய ஹாஜியார் வீட்டு வரவேற்பறைக் கதிரையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து அவளுடைய போன் ஒரே வரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது: உங்களுக்கு அனுமதி இல்லை.

படகுப் படங்கள் அத்தனையும் இணையத்தில் ஒரு கூட்டு ஃபோல்டரில் இருந்தன. அதை யார் பார்க்கலாம், யார் இறக்கி எடுக்கலாம், யார் திருத்தலாம் என்பதையெல்லாம் ஹாஜியார் ஒருவரே தீர்மானித்தார். வேண்டியவர் ஒரு பொத்தானை அமுக்கினால் அவருக்குச் செய்தி போகும். அவர் சம்மதித்தால் கதவு திறக்கும். சம்மதிப்பதுதான் ஹாஜியாருக்கு வராத காரியம்.

"ஹாஜியார், நான் காலையிலயே கேட்டு அனுப்பிட்டன். ஒருக்கா அமுக்கி விடுங்களேன். ஃபோல்டரப் பாக்காம நான் எதை விசாரிக்கிற?"

வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஹாஜியார் வழக்கமான பதிலைச் சொன்னார். "யோசிச்சுச் சொல்றன்."

"என்னைய நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"ஓம். அதுக்காக எல்லாத்தையும் திறந்து காட்ட ஏலுமா?"

உசனார் அவள் காதருகில் குனிந்தான். "டொக்டரக் கூப்பிட்டுட்டு நாக்க நீட்ட மாட்டன் எண்டு நிக்கிறார் ராத்தா." ஷஃபீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அறையின் மறுபக்கத்தில் கத்தரினா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிலாபத்துப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். இந்தப் படங்களையெல்லாம் வரைந்தவளும் அவள்தான். வரைந்தவளுக்கே ஃபோல்டரில் பார்க்க மட்டும்தான் உரிமை. ஒரு கோட்டைத் திருத்த வேண்டுமானாலும் ஹாஜியாரிடம் கேட்க வேண்டும்; அவர் யோசித்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார். நேரே கேட்டாலே இத்தனை தாமதம். அப்படியிருக்க, நோன்பின் கடைசிப் பத்து நாளும் ஹாஜியார் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாப் இருந்தபோது, 'கத்தரினா' என்ற பெயரில் வெளியார் கணக்கொன்று முழு அனுமதியும் பெற்றுப் படங்களை அள்ளிக்கொண்டு போயிருந்தது. கொடுத்தது யார் என்று பார்த்தால், முத்தலிபு ஹாஜியார் என்று இருந்தது.

"பள்ளிக்குள்ள இருந்த எனக்கிட்ட போனே இல்ல," என்றார் ஹாஜியார். "அலுமாரியில பூட்டிட்டுத்தான் போனன். இந்த ஃபோல்டரச் செஞ்சு தந்தது இவ. என்ட பாஸ்வேர்ட் இவவுக்குத் தெரியாம இரிக்குமா? பேரும் இவட பேரு. படகும் இவட ஊருல. இதுக்கு மேல என்ன வேணும்? அஸர் தொழுதுட்டு நான் பொலிசுக்குப் போறன்."

"போகத்தான் வேணும் மாமா," என்று எடுத்துக்கொடுத்தான் முபாரிஸ். ஹாஜியாரின் தங்கை மகன்; படகு விற்பனை அவன் பொறுப்பு. இஸ்திரி கலையாத சட்டை, பையில் எந்நேரமும் அலறுகிற போன். விற்கிறவன் போனை ஊமையாக்கினால் கஸ்டமர் வேறு கடைக்குப் போவான் என்பது அவன் வேதம்.

"திருடப் போறவ தன்ட பேரப் பலகையில எழுதிக் கழுத்துல மாட்டிட்டா போவா?" என்றான் உசனார்.

"அதானே!" என்றார் வாசலில் சாய்ந்து நின்ற இஸ்ஹாக். தளத்தில் அச்சு வார்க்கிற ஆட்களுக்கு மேலாள். கையெல்லாம் ரெசின் காய்ந்து கிடந்தது. "எனக்கும் அந்த ஃபோல்டர் மேல கோவம்தான். ஒவ்வொரு அளவுக்கும் இங்க ஓடி வரணும். அதுக்காக இந்தப் புள்ளைய மாட்டி வைக்கலாமா?"

கத்தரினா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "பொலிசுல பேர் விழுந்தா இந்தக் கரையில ஒரு யார்டுலயும் என்னைய எடுக்க மாட்டாங்க மிஸ். நான் கேக்கவே இல்ல. முதலாளி இபாதத்துல இருக்கிறார், அந்த நேரம் தொந்தரவு குடுக்கப்படாது எண்டு அந்தப் பத்து நாளும் நான் ஒண்டுமே கேக்கல்ல."

நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு வாங்கு சொல்வது கேட்டது. ஹாஜியார் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். ஆண்கள் எல்லோரும் அவர் பின்னால் தளத்துக் கொட்டகைக்குப் போனார்கள். திறந்த ஜன்னல் வழியே ஷஃபீனாவுக்கு அவர்களுடைய முதுகு தெரிந்தது. முன்னால் ஹாஜியார், பின்னால் முபாரிஸ், இஸ்ஹாக், அவர்களோடு தோள் ஒட்டி உசனார்.

சும்மா உட்கார முடியாமல், ஆத்திரத்தில், அவள் மறுபடியும் அந்தப் பொத்தானை அமுக்கினாள். அனுமதி கேட்கப்பட்டது என்று போன் சொன்னது. கேட்டுக்கொண்டே இரு, எனக்கென்ன என்று சொல்வதுபோல்தான் அவளுக்குப் பட்டது.

ஹாஜியார் ருகூவுக்குக் குனிந்தார். ஷஃபீனாவின் போன் மணி அடித்தது.

'முத்தலிபு ஹாஜியார் உங்களுக்கு முழு அனுமதி வழங்கியுள்ளார்.'

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஹாஜியாரின் இரண்டு கைகளும் முழங்காலில் இருந்தன. அவருடைய போன் மேசையில் கவிழ்ந்தபடியே கிடந்தது. கத்தரினாவின் கைகள் பையின் வாரைப் பிடித்திருந்தன. சந்தேகப்படத் தக்க ஆண்கள் அத்தனை பேரும் தொழுகையில் நின்றார்கள்.

பூட்டிய வீட்டுக்கு இன்னொரு திறப்பு இருக்கிறது. அதை வைத்திருக்கிற கைக்கு இல்லை என்று சொல்லவே தெரியவில்லை. பார்க்க மட்டும்தான் அவள் கேட்டாள். வந்ததோ முழு அனுமதி. கள்ளக் கை என்றால் தனக்கு வேண்டிய கதவை மட்டும் திறந்துவிட்டுப் பொத்திக்கொள்ளும். இது வாசலில் வந்து நின்றவருக்கெல்லாம் அள்ளிப் போடுகிற கை.

ஷஃபீனா முக்காட்டை இழுத்துவிட்டாள். "நானும் தொழணும். உள்ளுக்குப் போயிட்டு வாறன்," என்று கத்தரினாவிடம் சொல்லிவிட்டுத் திரைச்சீலையை விலக்கினாள்.

உள்ளே ஹாஜியாரின் மனைவி ஹவ்வா உம்மா கணவாய் கழுவிக்கொண்டிருந்தார். அடுப்படித் தட்டில், மிளகாய்த்தூள் டின்னில் சாய்த்து வைத்திருந்தது கீறல் விழுந்த ஒரு பழைய போன்.

"மாமி, இது ஆர்ட?"

"ஹாஜியார்டதான் மவள். பெருநாளைக்கு மகன் புதுசு அனுப்பினான். இது எனக்கு. டோஹாவுல இருக்கிற மகளோட மூஞ்சி பாத்துக் கதைக்க."

"சரி. இப்ப கொஞ்சம் முந்தி ஆராவது ஏதும் கேட்டாங்களா?"

ஹவ்வா உம்மா சிரித்தார். "ஷஃபீனா எண்டு ஒரு புள்ள அனுமதி கேக்குது எண்டு வந்திச்சு. குடுத்துட்டன். காலையிலயும் ஒருக்கா வந்திரிக்கி, மீன் வாங்கப் போனதால நான் பாக்கல்ல. நீதானா அது?"

"எப்ப இருந்து மாமி இப்படிக் குடுக்கிறீங்க?"

"நோன்புல இருந்துதான். மனிசன் போன அலுமாரியில வச்சிட்டுப் பள்ளிக்குப் போயிட்டார். நோன்பு மாசம் ஏழை மிஸ்கீன்மார் உதவி கேட்டுக் கோல் எடுப்பாங்களே, எடுக்காம விட்டாப் பாவமில்லையா? நான் எடுத்து வெளிய வச்சன். பாத்தா, அவர் அனுமதி கேட்கிறார், இவர் அனுமதி கேட்கிறார் எண்டு வந்துக்கிட்டே இரிக்கி. நோன்பு திறக்கிற நேரத்துல ஒருத்தர் வந்து கேட்டா இல்ல எண்டு செல்றதா? பாக்க மட்டும், கருத்துச் செல்ல, எல்லாம் செய்ய எண்டு மூணு போட்டிருந்திச்சு. குடுக்கிறது எண்டு வந்தா முழுசாத்தானே குடுக்கணும்?"

ஷஃபீனா சுவரில் சாய்ந்துகொண்டாள். பாஸ்வேர்டைத் திருடினார்களா, கணக்கை உடைத்தார்களா என்று காலையிலிருந்து மண்டையை உடைத்தது வீண். யாரும் எதையும் உடைக்கவில்லை. கேட்டார்கள், கிடைத்தது.

"கத்தரினா எண்டும் வந்திச்சா?"

"வந்திச்சே! பாவம், வெயிலுக்குள்ள பஸ்ஸுல வாற புள்ள. உடனே குடுத்தன்."

"நீங்கதான் குடுக்கிறீங்க எண்டு வேற ஆருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான் தெரியும். நோன்பு திறக்க இந்த வீட்டுல எத்தின பேர்! யார்டுல வேல செய்றவங்க, சொந்தக்காரங்க, அக்கம்பக்கம் எல்லாரும். கஞ்சிக் கோப்பைய ஒரு கையில வச்சிக்கிட்டுத்தான் மத்தக் கையால அமுக்குவன். ஹாஜியாருக்குத்தான் செல்லல்ல. குடுத்த சதக்காவ வெளிய செல்லிக்கிட்டுத் திரியப்படாதே."

ஒரு பெயர் கிடைக்கும் என்று வந்த இடத்தில் ஓர் ஊரே கிடைத்தது. ஷஃபீனாவுக்கு அழுகை வராத குறை. அங்கேயே தொழுதாள். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது மனதில் ஒரு வழி பிறந்திருந்தது. ஹவ்வா உம்மாவின் கையைப் பிடித்து மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் வாடியது.

"என்ட கையாலயா மவள் போனது?"

"அதே கையாலதான் பிடிக்கணும் மாமி. திரைக்குப் பின்னால நில்லுங்க. கத்தரினா பேர்ல கேட்டு வந்தா இருமுங்க. நான் சொன்ன பொறகுதான் குடுக்கணும்."

இப்போது அவளிடம்தான் முழு அனுமதி இருந்ததே! அந்தக் கள்ளக் கணக்கை ஃபோல்டரிலிருந்து தூக்கி எறிய ஒரு பொத்தான் போதுமாயிருந்தது. வெளியே வந்து உசனாரிடம் காதோடு சொன்னதும் அவன் கண்ணை விரித்தான். "விசாரிக்க வந்தவங்க வீட்டுக்காரியாகிட்டீங்க ராத்தா. எனக்கும் ஒரு படகு கேட்டு அனுப்பவா? மாமி தருவாங்க."

"நீ வாசலுக்குப் போய் நில். வெளிய ஆர் போன எடுத்தாலும் பாத்துக்க."

எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் ஷஃபீனா தொண்டையைச் செருமினாள். "ஹாஜியார், அந்தக் கத்தரினா கணக்க நான் வெளிய போட்டுட்டன். கத்தரினா, இந்தப் படகுட அடிப்பக்கத்தயும் மாத்தி ஒரு புதுப் படம் வரைஞ்சு வச்சிருக்கிறதாச் சொன்னீங்களே. அத இப்ப ஃபோல்டர்ல போட்டாச்சு. அஸரோட எல்லாருடைய அனுமதியையும் மூடிருவம். அதுக்குப் பொறகு ஹாஜியாரத் தவிர ஒருத்தரும் கண்ணாலயும் பாக்க ஏலா."

அப்படி ஒரு படம் இல்லவே இல்லை. கத்தரினா ஒரு கணம் விழித்தாள். பிறகு, கெட்டிக்காரி, "ஓம் மிஸ், போட்டுட்டன்," என்றாள்.

"உங்கட போன மேசையில வையுங்க. கையையும் மேசையிலயே வையுங்க."

இஸ்ஹாக் முகத்தைச் சுளித்தார். "இந்தப் புள்ளையப் போட்டு இப்படி வதைக்கிறீங்களே! எனக்குப் பாக்க ஏலா." சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று வெளியே போனார். போகும்போதே இடுப்பிலிருந்து போனை உருவினார். ஷஃபீனா நிமிர்ந்து பார்த்தாள். கத்தரினாவுக்காகப் பரிந்து பேசிய மனிதரா? வாசலில் உசனார் அவர் பின்னாலேயே நகர்வது தெரிந்தது.

முபாரிஸ் மேசைக்கு அந்தப்பக்கம், கதிரையை இழுத்துப் போட்டு ஆறுதலாக உட்கார்ந்திருந்தான். கஸ்டமர் ஒருவருக்கு விலை அனுப்ப வேண்டுமென்று முனகிக்கொண்டு போனைத் தட்டினான். சட்டைப் பையில் போட்டான். கொட்டாவி விட்டான்.

திரைக்குப் பின்னால் ஹவ்வா உம்மா இருமினார்.

ஹாஜியாரின் புதுப் போனிலும் அதே நேரம் வெளிச்சம் வந்தது. 'கத்தரினா அனுமதி கேட்கிறார்.' ஹாஜியார் போனைப் பார்த்தார், கத்தரினாவைப் பார்த்தார். அவளுடைய பத்து விரலும் மேசைமேல் விரிந்து கிடந்தன. போன் அவளுக்கு எட்டாத தூரத்தில் இருண்டு கிடந்தது.

"இவ இங்க இரிக்கிறா," என்றார் ஹாஜியார், தனக்குத்தானே சொல்வதுபோல். "அப்ப கேக்கிறது ஆரு?"

வாசலில் உசனாரின் தலை தெரிந்தது. உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தான். "இஸ்ஹாக் நானா வீட்டுக்குக் கோல் எடுத்துப் பொஞ்சாதிட்டப் புலம்புறார் ராத்தா. காதுலதான் போன், விரல் சும்மா இரிக்கி."

"குடுங்க மாமி," என்றாள் ஷஃபீனா.

ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முபாரிசின் சட்டைப் பைக்குள் போன் அலறியது.

"கஸ்டமர்," என்றான் முபாரிஸ். கையால் பையைப் பொத்தினான்.

"நல்ல கஸ்டமர். எடுத்துக் கதைங்களேன்," என்றான் உசனார்.

ஹாஜியார் கையை நீட்டினார். முபாரிஸ் எழுந்து வாசலைப் பார்த்தான். அங்கே உசனார் நின்றான், அவனுக்குப் பின்னால் இஸ்ஹாக்கும் வந்து நின்றார். போன் கை மாறியது. திரையில் எழுதியிருந்ததை ஹாஜியார் சத்தமாகவே வாசித்தார். "முத்தலிபு ஹாஜியார் கத்தரினாவுக்கு முழு அனுமதி வழங்கியுள்ளார்."

"நான் ஒண்டும் குடுக்கல்லயே," என்றார் அதன் பிறகு.

"நான் குடுத்தன்," என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நோன்புலயும் நான்தான் குடுத்தன். கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தன். என்ட பக்கத்துல இருந்து கஞ்சி குடிச்சுக்கிட்டுத்தானாடா முபாரிஸ் அந்தப் புள்ளட பேர்ல என்னட்டக் கேட்ட?"

அதுவரை இறுகி நின்ற முபாரிஸ் அந்தக் கேள்வியில்தான் உடைந்தான். "வேற என்ன செய்யச் சொல்றீங்க மாமி? மூணு வருசமா மாமாட்டக் கேக்கிறன். கஸ்டமர் இப்படிக் கேக்கிறான், படத்துல ஒரு மாத்தம் செய்வமா எண்டு கேட்டா, யோசிச்சுச் சொல்றன். அனுமதி தாங்க எண்டா, யோசிச்சுச் சொல்றன். சிலாபத்து ஆள் கேட்ட அண்டைக்கே பங்காளியா வா எண்டான். படத்தோட வரச் சொன்னான். போனன்."

"போறதெண்டா உன்ட பேர்ல போயிருக்கலாமே," என்றாள் ஷஃபீனா. அவளுக்குக் கோபம் தணியவில்லை. "அவட பேர ஏன் எடுத்த?"

முபாரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இஸ்ஹாக்தான் சொன்னார். "அவ பேரச் சொன்னா நம்புவாங்க எண்டு தெரியும். நம்பினோம்தானே?"

பொலிசுக்கா, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கா, முபாரிசின் உம்மாவுக்கா முதலில் சொல்வது என்று ஹாஜியார் தடுமாறினார். தடுமாற்றம் அடங்கியதும், ஷஃபீனா கத்தரினாவுக்கு நேரே கண்ணைக் காட்டினாள். மன்னிப்புக் கேட்பது ஹாஜியாருக்கு அனுமதி கொடுப்பதைவிடச் சிரமம் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் தன் புதுப் போனை எடுத்து எதை எதையோ அமுக்கினார். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் எழுந்துபோய்த் திரையை விலக்கி, மனைவியிடம் போனை நீட்டினார்.

"இதுல முழுசா எப்படிக் குடுக்கிற? காட்டித் தா."

ஹவ்வா உம்மா மீன் மணக்கிற விரலால் காட்டிக் கொடுத்தார். ஹாஜியார் அமுக்கினார். மேசையில் கத்தரினாவின் போன் மணி அடித்தது. படம் வரைந்தவளுக்கு, அவள் கேட்காமலே, முழு அனுமதியும் வந்து சேர்ந்திருந்தது.

கத்தரினா அதை வாசித்தாள். சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை, கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. போனைப் பைக்குள் போட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"புள்ள," என்றார் ஹாஜியார். குரல் இறங்கியிருந்தது. "நீ நாளைக்கு வேலைக்கு வருவா தானே?"

வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு கத்தரினா திரும்பிப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றன் முதலாளி," என்றாள்.